குறைவதை எண்ணுகிறவள்

தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த முதல் இரண்டு வருஷமும் எனக்கு ஒரே ஓர் எதிரிதான் இருந்தாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவளுடைய குடுவைகள் கலங்கின, என்னுடையவை கலங்கவில்லை. அவ்வளவுதான்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அப்போதே நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. "இந்தா", "கேட்டியா" என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். பெயரைச் சொன்னால் அவளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கடற்கரைச் சாலையில் பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றைப் பலகையால் தடுத்து ஆய்வுக்கூடமாக்கியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். கடலடிப் பார்களிலிருந்து எடுத்துவந்து தொட்டிகளில் வளர்த்த முத்துச்சிப்பிகள் காரணம் தெரியாமல் வாய் பிளந்து செத்துக்கொண்டிருந்தன. செத்தவற்றிலெல்லாம் ஒரே மஞ்சள் நிற பாக்டீரியா இருந்தது. அது எதைத் தின்று பிழைக்கிறது என்று கண்டுபிடித்தால், தொட்டியில் அதைப் பெருகவிடாமல் செய்ய வழி கிடைக்கும் என்பது எங்கள் ஆராய்ச்சியாளரின் எண்ணம். அவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். அவருக்கு உதவியாக நாங்கள் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருமே தற்காலிக வேலை.

நான் நாசரேத்திலிருந்து வந்தவள். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். பி.எஸ்ஸி. வேதியியலில் கல்லூரியில் முதலாவதாக வந்திருந்தேன். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்து சொல்லுவேன். அவள் ஊர்க்காரி, கடற்கரைத் தெருவில் வீடு. அப்பா சங்கு குளிப்பவர். பி.யு.சி. முடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரி லேபில் இரண்டு வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவி, கூடவே வேலையும் கற்றுக்கொண்டு வந்தவள். என்னைவிட ஆறு மாதம் முன்னால் சேர்ந்திருந்தாள்.

நான் சேர்ந்த முதல் நாள் எல்லாரும் வந்து என் படிப்பைக் கேட்டார்கள். அவள் ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏளா, கண்ணாடிய எங்க வச்ச?" என்றாள். நான் கண்ணாடி போடுகிறவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முதல் நாள் அழகாகத் தெரிய வேண்டுமென்று கழற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். மூக்கில் தடம் இருந்திருக்கும். எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று.

அவள் சுபாவமே அதுதான். நாமெல்லாம் எதிரில் இருப்பதைப் பார்ப்போம். அவள் கண் எது இல்லையோ அதில் போய் நிற்கும். மதியம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்திருக்கும்போது என் குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். உப்பு, புளி எதையும் சொல்ல மாட்டாள். "வெந்தயம் போடலயோ?" என்பாள். நான் தங்கியிருந்த விடுதியின் சமையல்காரியிடம் போய்க் கேட்டால், அன்றைக்கு வெந்தயம் தீர்ந்து போயிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அக்கா ஒருத்தர் இருந்தார். தினமும் வந்ததும் வராததுமாகத் தன் மகளைப் பற்றி ஏதாவது சொல்லுவார். மகள் சடை பின்னிக்கொண்டது, மகள் சண்டை போட்டது என்று ஏதாவது ஒன்று. ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். மழை, பஸ், வாட்ச்மேனின் ஆடு என்று ஓயாத பேச்சு. நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் கையில் சோதனைக்குழாயோடு வந்து நின்று, "அக்கா, இன்னைக்கு மக பேர நீங்க சொல்லவே இல்லியே" என்றாள்.

அக்கா டைப்ரைட்டரின் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். மகள் இரண்டு நாளைக்கு முன்னால் வீட்டை விட்டுப் போயிருந்தாள், ஒரு பையனோடு. யாரிடமும் சொல்லாமல் அதை மூடிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார்.

இப்படி நாலு பேர் நடுவில் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. நான் சொல்லவும் சொன்னேன். ஆனால் என் நெஞ்சில் குத்தியது அதுவல்ல. டைப்பிஸ்ட் அக்காவின் பக்கத்து மேஜை என்னுடையது. ஏழெட்டு மாதமாக நான் அவரோடுதான் டீ குடித்தேன். அந்தப் பெயர் விடுபட்டது எனக்குக் கேட்கவே இல்லை. அன்று முதல் அக்கா டீ குடிக்க அவளைக் கூப்பிட்டார்.

இந்தப் பார்வை உனக்கு எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். பாராட்டுவதுபோல் கேட்டாலும், ஏதாவது சூட்சுமம் இருந்தால் தெரிந்துகொள்ளலாமே என்பதுதான் என் எண்ணம். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சின்னப் பிள்ளையில் சங்குகுளித் தோணிகள் கரைக்கு வரும்போது அம்மாவோடு மணலில் நிற்பாளாம். பிள்ளைகள் வந்த தோணிகளை ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக் கைதட்டுவார்களாம். அவள் அம்மா வாயை மூடு என்பாளாம். வந்ததை எண்ணி என்ன ஆகப் போகிறது, வராததை எண்ணு என்பாளாம். ஒரு நாள் ஒரு தோணி வரவில்லை. அதில் அவளுடைய சித்தப்பா இருந்தார். எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது என்ன தெரியுமா? நாசரேத்தில் வளர்ந்த எனக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இல்லையே என்பதுதான்.

அந்த வருஷக் கடைசியில் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது என்றார். ஒன்றே ஒன்று. விதிப்படி பட்டம் வேண்டும். ஆனால் ஒருவருக்குத் தனித்திறமை இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் பட்டத்தைத் தளர்த்தலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் அவள் பக்கம் ஒரு நொடி போய் வந்தது. அந்த ஒரு நொடியை நான் விடுதிக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சாதகமாக இருந்தது வேதியியல் ஒன்றுதான். அதை வைத்தே ஜெயிக்கப் பார்த்தேன். பாக்டீரியாவை வளர்க்கும் கஞ்சிக்கு மீடியம் என்று பெயர். சாதாரணமாக இறைச்சிச் சாற்றில் செய்வார்கள். அதில் எல்லாச் சத்தும் இருக்கும், எது எவ்வளவு என்று தெரியாது. எங்களுக்கு அது ஆகாது. ஒவ்வொரு பொருளும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் சர்க்கரை, உப்பு, அமோனியா உப்பு, பாஸ்பேட், மக்னீசியம் என்று எண்ணி நிறுத்துப் போட்டுக் கரைப்போம். பாக்டீரியா வளர்ந்தால் தெளிவாக இருக்கும் கரைசல் இரண்டு நாளில் நீராகாரம்போல் கலங்கும். கலங்கினால் வெற்றி.

நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது மட்டரக ரசாயனம். நான் சாரிடம் போய், இதில் என்னென்ன அழுக்கு கலந்திருக்கிறது என்று நமக்கே தெரியாதபோது முடிவை எப்படி நம்புவது என்று கேட்டேன். அவர் சந்தோஷப்பட்டார். பம்பாயிலிருந்து மிகச் சுத்தமான ரசாயனங்கள் வந்தன. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் பழைய செம்பு வாலைக்குப் பதிலாகக் கண்ணாடி வாலை வந்தது. குடுவைகளைக் குரோமிக் ஆசிட்டில் ஊறவைத்து, டிஸ்டில்ட் வாட்டரில் ஐந்து தடவை அலச வேண்டும் என்று நானே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆசிட் தெறித்து என் இரண்டு சேலைகளில் ஓட்டை விழுந்தது. அதைக்கூடப் பெருமையாக உடுத்திக்கொண்டு போனேன்.

புது மீடியத்தில் முதல் தடவை என் குடுவைகள் கலங்கின. அதிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுக் குடுவையில் போட்டேன்; லேசாகக் கலங்கியது. அதிலிருந்து எடுத்து மூன்றாவதில் போட்டேன். ஒரு வாரம் ஆகியும் குடிதண்ணீர்போல் இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். மூன்றாவது தடவை நின்றுவிடும்.

அவளுக்கு நிற்கவில்லை. அதே பாட்டில், அதே தராசு, அதே ஆட்டோகிளேவ். அவளுடைய மூன்றாவதும் கலங்கியது, ஐந்தாவதும் கலங்கியது. காலையில் வளர்ப்புப் பெட்டியைத் திறக்கும்போது மேல்தட்டில் அவளுடையவை மோர்போலவும் கீழ்த்தட்டில் என்னுடையவை கண்ணாடிபோலவும் இருக்கும். சார் குனிந்து கீழ்த்தட்டைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்து, "உம்" என்பார். அந்த "உம்" எனக்காக ஒரு தடவை வராதா என்று இருக்கும்.

நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் நிறுப்பதை, ஊற்றுவதை, பஞ்சை உருட்டிக் குடுவை வாயில் அடைப்பதை எல்லாம். தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதே எனக்குப் போதுமான சாட்சியாக ஆயிற்று. என் கண்ணுக்குத் தெரியாமல் எதையோ ஊற்றுகிறாள். வேறு எப்படி இருக்க முடியும்?

ஒரு சனிக்கிழமை அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து சாரின் அறைக்குப் போனேன். அவள் மீடியத்தில் மாட்டிறைச்சிச் சாறு கலக்கிறாள் என்று நினைக்கிறேன் என்றேன். பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை, ஆனால் வேறு வழியே இல்லை என்றேன். அவர் வெகுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை சார் இருவரையும் மேஜை முன் நிறுத்தினார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. லேபில் நாங்கள் இரண்டு பேர்தானே. இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, என்ன சொல்லுகிறாய் என்று அவளைக் கேட்டார்.

அவள் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பவில்லை. அழுவாள் அல்லது சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் வளர்ப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், என் பிளாஸ்க்ல என்ன கூடுதலா இருக்குன்னு கேக்கீங்க. அவ பிளாஸ்க்ல என்ன கொறையுதுன்னு பாப்போமா?" என்றாள்.

அவளே ஒரு வழியும் சொன்னாள். அவள் மீடியத்தைத் தொடப் போவதில்லை. நானே என் கையால் மீடியம் செய்து, அதை அவள் கழுவி வைத்திருக்கும் குடுவைகளில் ஊற்ற வேண்டும். அவள் ஏற்கெனவே செய்துவைத்திருந்த மீடியத்தை நான் கழுவிய குடுவைகளில் ஊற்ற வேண்டும். அதுவும் நான்தான் ஊற்ற வேண்டும். பாக்டீரியாவையும் என் இரண்டாவது குடுவையிலிருந்து எடுத்து நானே போட வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியை சார் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தோம். நான் ஊற்றும்போது அவள் ஜன்னல் ஓரம் முக்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் சார் பூட்டைத் திறந்தார். என் மீடியம், அவள் குடுவையில், மோராகக் கலங்கியிருந்தது. அவள் மீடியம், என் குடுவையில், தெளிந்து கிடந்தது.

அப்படியானால் விஷயம் கஞ்சியில் இல்லை, கழுவின பாத்திரத்தில் இருக்கிறது. குடுவையை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று இருவரும் எழுதித் தாருங்கள் என்றார் சார். நான் ஒரு பக்கம் எழுதினேன். அவள் மூன்று வரி எழுதினாள். கடைசி வரி, "கடைசியாகக் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை அலசிக் கவிழ்ப்பேன்" என்றிருந்தது.

குழாய்த் தண்ணீரா? சுவரில் ஒட்டியிருக்கிறதே, பார்க்கவில்லையா என்று சார் கேட்டார்.

"டிஸ்டில்ட் வாட்டர் மிச்சம் இருக்காது சார்" என்றாள் அவள்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. கண்ணாடி வாலை ஒரு நாளைக்குக் கொடுக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். அவள் வீட்டிலிருந்து நடந்து வருவதற்குள் நான் விடுதியிலிருந்து சீக்கிரமே வந்து, என் ஐந்து அலசலுக்கும் வேண்டியதைப் பிடித்துவைத்துக்கொள்வேன். மீடியம் கரைப்பதற்கு வேண்டிய அளவு மட்டும்தான் அவளுக்கு மிஞ்சும். அது தற்செயலாக நடந்ததல்ல. அவள் குடுவைகள் சுத்தமில்லாமல் போகட்டும் என்றே செய்தேன். அதை அவள் சாரிடம் சொல்லவில்லை. மிச்சம் இருக்காது என்பதோடு நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சார் ஒரு கூட்டத்துக்காக மெட்ராஸ் போய்விட்டார். லேபில் நாங்கள் இருவர் மட்டும். பேச்சு இல்லை. அவள் குழாயடியில் போய் நின்று, முதலில் வரும் தண்ணீரை ஒரு சோதனைக்குழாயில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீர் வரும். எங்கள் கட்டடத்துக் குழாய்கள் பழையவை. காலையில் திறந்ததும் கொஞ்ச நேரம் செந்நிறமாகத்தான் விழும். அந்தத் தண்ணீரை ஆட்டோகிளேவில் வைத்து, அதில் இருக்கும் வேறு கிருமிகளைக் கொன்றாள். பிறகு கீழ்த்தட்டிலிருந்து என் குடுவை ஒன்றை எடுத்தாள். எட்டு நாளாகத் தெளிவாகக் கிடந்த குடுவை. அதை நான் கொட்டுவதற்காக வைத்திருந்தேன். ஸ்பிரிட் விளக்கின் பக்கத்தில் வைத்துப் பஞ்சைத் திறந்து, அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டு மூடினாள். பக்கத்துக் குடுவையில் ஒரு சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விட்டாள்.

மறுநாள் காலை குழாய்த் தண்ணீர் விட்ட குடுவை கலங்கியிருந்தது. மற்றது அப்படியே இருந்தது. வேறு ஏதாவது கிருமியாக இருக்கும் என்றேன். அவள் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்து எனக்கு இடம் விட்டாள். எங்களுடையதுதான். வளர்ப்புத் தட்டில் பரப்பியதும் அதே மஞ்சள் நிறத்தில்தான் வளர்ந்தது.

"செத்துப் போச்சுன்னுல்லா நெனச்சோம். பசியில கெடந்திருக்கு" என்றாள். பிறகு, முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஏன் வளர்ந்தது, மூன்றாம் தடவை ஏன் நின்றது என்பதையும் அவளே சொன்னாள். பழைய மீடியம் என்ற தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர் இரண்டு தலைமுறைக்கு வந்திருக்கிறது, அதோடு தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான். நான் படித்த வேதியியல் முழுவதும் என் தலைக்குள் இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை.

சார் திரும்பி வந்தபோது அவள் இரண்டு நாள் விடுப்பில் இருந்தாள், அம்மாவுக்குக் காய்ச்சல். நான் குடுவைகளைக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவற்றையே பார்த்தார். பழைய மட்ட ரசாயனத்தில் அழுக்கோடு அழுக்காக வந்துகொண்டிருந்த ஏதோ ஓர் உலோகம் குறைகிறது. நாம் சுத்தம் செய்யச் செய்ய பாக்டீரியாவைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்றார். அவர் குரலில் அப்படி ஓர் உற்சாகத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"யாருக்குத் தோணிச்சு இது?" என்று கேட்டார்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேருந்தான் சார். பேசிக்கிட்டிருக்கும்போது" என்றேன்.

அவள் அந்தச் சொட்டை விடும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த உலோகம் எது என்று கண்டுபிடிக்கும் வேலையை சார் என்னிடம் கொடுத்தார். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு என்று ஒவ்வொன்றையும் ஊசிமுனையில் தொட்டதுபோல் அத்தனை கொஞ்சமாகத் தனித்தனிக் குடுவையில் சேர்த்துப் பார்த்தேன். இரும்பு சேர்த்தது மட்டும் கலங்கியது. கட்டுரையில் சாரின் பெயருக்கு அடுத்து என் பெயர் வந்தது. அவள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், வாட்ச்மேன் பெயருக்கு முந்தி வந்தது. நிரந்தர இடத்துக்கு இன்டர்வியூ வந்தபோது தனித்திறமைக்காகப் பட்டத்தைத் தளர்த்த வேண்டிய தேவை யாருக்கும் தெரியவில்லை. திறமை இருவருக்கும் சமம், பட்டம் ஒருத்திக்கு மட்டும். நான் தேர்வானேன். அவளுடைய தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிந்தது.

போகும் நாளில் அவள் தன் அலமாரியைத் துடைத்துக் கொடுத்தாள். டைப்பிஸ்ட் அக்கா அழுதார். என்னிடம் வந்து, "கண்ணாடிய மாத்து, பவர் கூடியிருக்கும், நீ குனிஞ்சு குனிஞ்சு பாக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

இனிமேலாவது எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என் குடுவைகள் இப்போது கலங்கின. சார் குனிந்து பார்த்து "உம்" என்றார். அவர் அவளிடம் சொன்ன "உம்" இது இல்லை என்று எனக்குப் பட்டது. புதிதாக ஏதாவது சிக்கல் வந்தால் அவர் பழக்கத்தில் ஜன்னலோர முக்காலியைப் பார்ப்பார். அது காலியாக இருக்கும். காலி முக்காலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் லேபைப் பார்த்துக்கொள்கிறாள் என்று டைப்பிஸ்ட் அக்கா சொன்னார். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கவா, அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கவா? அவள் தாழ்ந்து போயிருந்தால் மனசு இளகியிருப்பேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் தாழவில்லை. வாசலில் வழி கேட்டபோதே ஒரு நர்ஸ், "லேப் அக்காவையா தேடுதீங்க?" என்று முகம் மலர்ந்து கேட்டாள். தொடர்ந்து வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு பிள்ளைக்கு வேறு எங்கேயும் பிடிபடாத கிருமியை இந்த அக்காதான் வளர்த்துக் காட்டினார்கள் என்று, கேட்காமலே சொன்னாள். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். வயிறு எரிந்தது.

அவள் தொட்டியருகே நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைக்காமலே, "வாளா" என்றாள். நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது அது.

பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. நின்றபடியே சொன்னேன். சாரிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் கேட்டபோது இரண்டு பேரும் என்று சொன்னதும் நான்தான். அந்த ஒரு வார்த்தையால்தான் உன் வேலை போயிற்று.

அவள் ஒரு குடுவையை அலசிக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ரெண்டு பேருன்னு சொன்னதுல பொய் இல்லியே" என்றாள். "நீ தண்ணி பூராத்தையும் பிடிச்சு வைக்கலன்னா நானும் உன்னயமாதிரி டிஸ்டில்ட் வாட்டர்லதான் அலசியிருப்பேன். ரெண்டு பேருக்கும் வளந்திருக்காது. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. பாதி உன்னால வந்ததுதான்."

அவள் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி, அதனால் சொன்னாள். நான் செய்த துரோகத்தையும் நேர்மையாகப் பிரித்து எனக்கு ஒரு பாதியைக் கொடுத்துவிட்டாள்.

பிறகு குழாயை மூடிவிட்டு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆனா மாட்டெறச்சித் தண்ணி ஊத்துதேன்னு சொன்னியே. திருடின்னு சொன்னமாதிரி. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. போகல. போகும்னும் தோணல."

"இருக்கட்டும்" என்றேன். இவ்வளவு நாளும் அவளிடமிருந்து நான் எதிர்பார்த்தது அந்தக் கோபத்தைத்தான் என்று அப்போது தெரிந்தது. அழுதுவிட்டேன். அவள் பக்கத்தில் வரவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, சும்மா நிற்காமல் அந்த வாளியில் கிடப்பதை எடுத்துக் கழுவு என்றாள்.

கழுவினேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதிகம் பேசவில்லை. சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சிப்பிகள் இன்னும் சாகின்றனவா என்று கேட்டாள். முன்னளவுக்கு இல்லை என்றேன். ஜன்னல் திண்டில் இருவரும் குடுவைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் வைத்தவை காய்ந்து பளபளத்தன. என்னுடையவற்றில் இன்னும் தண்ணீர் நின்றது.

அவளுடையவற்றின் மேல் வெயில் முதலில் விழுந்தது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன்.